டப்பாவில் தண்ணீர் விடும் கல்லுப்பு

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மதுரையில் அம்மா வீட்டில் கல்லுப்பு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, எவர்சில்வர் டப்பாவில் போட்ட ஒரே வாரத்தில் அடியில் தண்ணீர் நிற்கிறது. கொண்டல் காற்றுக்கு உப்பு உருகத்தான் செய்யும் என்கிறார் மாமி. கலப்பட உப்பு என்கிறார் பக்கத்து வீட்டு லாத்தா. எது சரி?”

காற்றைப் பற்றி மாமி சொன்னது சரி. ஆனால் உப்பு உருகவில்லை, கரைகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வழியும் தெரிந்துவிடும்.

உருகுவதற்குச் சூடு மட்டும் போதும். மீன் பெட்டியில் ஐஸ் உருகுகிறதே, அதுபோல. சமையல் உப்பு அப்படி உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரைவதற்கோ இன்னொரு பொருள் வேண்டும், தண்ணீர். அந்தத் தண்ணீர் காற்றோடு ஆவியாக உள்ளே வருகிறது, உப்புக் கல்லின் மேல் திரவமாகப் படிகிறது, திண்மமான உப்பு அதில் கரைகிறது. வாயு, திரவம், திண்மம் மூன்றுக்கும் உங்கள் டப்பாவே சாட்சி.

சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடற்கரையில் இரவிலும் விடியலிலும் அந்த அளவு சாதாரணம். கல்லுப்பு இன்னும் முந்திக்கொள்ளும். அதற்குக் காரணம் உப்பளத்தில் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் சமையல் உப்பு 27 கிராம் போல. மீதியில் மெக்னீசியம் உப்புகள்தான் அதிகம். வாலிநோக்கம் பக்கத்துப் பாத்திகளில் வெயில் நீரை வற்றவைக்கும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், அப்புறம் சமையல் உப்பு. மெக்னீசியம் கடைசிவரை கசப்பு நீரில் தங்கிவிடும். அந்த நீரை வடித்துவிட்டு உப்பை வாருவார்கள். எவ்வளவு கவனமாக வடித்தாலும் கொஞ்சம் கல்லில் ஒட்டிக்கொண்டு வரும். மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும்! மதுரைக் காற்றில் அது லேசான பிசுபிசுப்போடு நின்றுபோகும். கீழக்கரையில் சமையல் உப்பும் சேர்ந்து கரைவதால் டப்பாவில் தண்ணீர் தேங்குகிறது.

ஆகவே அது கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. அந்த மெக்னீசியம் கடல் தந்தது. அடியில் நிற்கும் நீரில் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், உப்போடு ஒரு கசப்பும் தெரியும். பாக்கெட் தூள் உப்பைச் சுத்திகரித்து, கட்டிபிடிக்காமல் இருக்க ஒரு பொருளும் சேர்ப்பதால் அது அவ்வளவாக ஈரமாகாது.

முதலில் டப்பாவை மாற்றுங்கள். உப்புநீர் எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். இறுக மூடும் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி நல்லது. நாலைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் சிறிய ஜாடியில் எடுத்து, அடுப்பு ஆவி படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கை, ஈரக் கரண்டி கூடாது. வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் கொஞ்சம் உதவும், ஆனால் அரிசியும் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஈரமான உப்பைக் கழுவாதீர்கள், அதற்குக் காரணம் உண்டு. உப்பில் சேர்க்கும் அயோடின் சேர்மம் கல்லின் மேல்புறத்தில்தான் இருக்கும். நீர் வடிந்தால் அதுவும் கூடவே போய்விடும். விற்பனைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. இருப்பதே இவ்வளவு சொற்பம், அதை ஏன் சாக்கடையில் விட வேண்டும்? துரு கலக்காத நீரென்றால் அன்றைய குழம்பில் சேர்த்துவிடுங்கள். ஈர உப்பை இளஞ்சூட்டில் வாணலியில் புரட்டினால் நீர் மட்டும் ஆவியாகும். நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள்.

மழைக்காலத்தில் கருவாடு வியர்ப்பதிலும் இதே மெக்னீசியத்துக்குப் பங்கு உண்டு. வெயில் வந்ததும் காயவைத்து, சூடு ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவையுங்கள்.