புவிசார் குறியீட்டை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வட்டாரப் பயிருக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த வட்டாரத்தில் விளைந்ததை மட்டுமே இந்தப் பெயரில் விற்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. இனி விலை இரண்டு மடங்காகிவிடும் என்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கிப் பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

'இரண்டு மடங்கு' என்று சொல்வதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு விற்பனையை வைத்து ஐரோப்பிய ஆணையத்துக்காக நடத்திய ஆய்வில், குறியீடு பெற்றவை மற்றவற்றைவிடச் சராசரியாக 2.23 மடங்கு விலைக்குப் போனதாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சராசரியை உயர்த்தியவை ஒயினும் மதுபானங்களும். வேளாண், உணவுப் பொருட்களை மட்டும் பார்த்தால் 1.55 மடங்குதான். அதுவும் விற்ற விலை, விவசாயியின் லாபம் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மூட்டை விளைகிறது, பழைய விலை மூட்டைக்கு 100 ரூபாய், மொத்தம் 10,000. குறியீட்டோடு 130 கிடைக்கிறது என்று வைப்போம். தரம் பிரித்ததில் 60 மூட்டைதான் தேறுகிறது என்றால் அதற்கு 7,800. மீதி 40 மூட்டை பழைய விலைக்கே போய் 4,000. மொத்தம் 11,800. தரம் பிரிக்கும் கூலி, ஆய்வுக் கட்டணம், பேக்கிங் எல்லாம் சேர்த்து 1,000 செலவானால் மிஞ்சுவது 10,800. சந்தையில் 30 சதவீதம் ஏறிய விலை, உங்கள் கைக்கு வரும்போது 8 சதவீதமாகிவிடுகிறது. கடன் வட்டியை இந்த 8-உடன் ஒப்பிடுங்கள், 30-உடன் அல்ல.

கூடுதல் பணம் யாரிடம் தங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரான்ஸின் கோம்டே பாலாடைக்கட்டிக்கு 1958 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. அங்கே பால் ஊற்றும் விவசாயிகளே பெரும்பாலான கூட்டுறவு ஆலைகளின் உரிமையாளர்கள். எவ்வளவு தயாரிப்பது என்பதையும் அவர்கள் இடம்பெறும் அமைப்பே திட்டமிடுகிறது. அதனால் பாலுக்கே கூடுதல் விலை நிற்கிறது. மெக்சிகோவின் டெக்கிலா என்ற மதுவுக்கு 1974-இலேயே குறியீடு வந்தது, ஆனாலும் அதற்கான கற்றாழையை வளர்ப்பவர்கள் நிம்மதியாக இல்லை. பயிர் முற்றவே சுமார் 6, 7 ஆண்டுகள் ஆகும். விலை ஏறும்போது எல்லோரும் நடுகிறார்கள், எல்லாம் ஒன்றாக அறுவடைக்கு வரும்போது விலை சரிகிறது. பெயரின் மதிப்பு ஆலைகளோடு நின்றுவிடுகிறது. நீங்கள் யோசிக்கும் விரிவாக்கத்தை உங்கள் ஊரில் இன்னும் பலர் இப்போது யோசித்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் என் பயம்.

சரி, என்ன செய்யலாம்? குறியீடு வந்ததாலேயே அது உங்கள் மூட்டைக்கு வந்துவிடாது. இந்தியாவில் என்றால், அதைப் பயன்படுத்துபவராக நீங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதை முதலில் முடியுங்கள். வாங்க நினைக்கும் நிலம் குறியீட்டின் எல்லைக்குள் வருகிறதா என்பதை வரைபடத்தில் பாருங்கள். எல்லைக்கு ஒரு வரப்பு தள்ளியிருந்தாலும் அங்கே விளைவதை அந்தப் பெயரில் விற்க முடியாது. அப்புறம், போலிகளை யார் கண்காணிக்கிறார்கள், அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் தரம் பிரிக்கவும், உலர்த்தவும், சேர்ந்து விற்கும் கூட்டுறவில் பங்கு வாங்கவும் போடுங்கள். இரண்டு பருவத்துக்கு உங்கள் ரசீதுகளை எடுத்து வையுங்கள். அதன் பிறகும் நிலம் வேண்டும் என்று தோன்றினால், பழைய விலையிலேயே தவணை கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் கடன் கேளுங்கள்.