மாங்காய் மண்டி மெட்டு

வணக்கம் சார்,

காவேரிப்பட்டினத்தில் ஒரு மாடி அறையில் எட்டு வருடமாக வயலின் வகுப்பு நடத்துகிறேன். கிருஷ்ணகிரி அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் படித்தவள். பகலில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. மாலையில் இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். சனிக்கிழமை கடைசி அரைமணி நேரம் அவர்களைச் சொந்தமாக மெட்டுப் போடச் சொல்வேன். ஒரு பையன் மண்டியில் மாங்காய் ஏலம் விடும் குரலை அப்படியே வயலினில் கொண்டுவந்தான். எனக்கு ஆச்சரியம். அவன் அப்பாவோ, "கீதமே வரல, அதுக்குள்ள என்ன மெட்டு?" என்று கேட்டு அடுத்த வாரமே நிறுத்திவிட்டார். இன்னொரு பெண்ணும் நின்றுவிட்டாள். என் குருவுக்குத் தெரிந்தால் அவரும் திட்டுவார். ஓசூரில் கிரேடு தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் இரண்டு மடங்கு. நான் செய்வது தவறா சார்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

தவறில்லை. ஆனால் அந்த அப்பா கேட்டதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உங்கள் குரு. கச்சேரியில் நாம் எதற்குத் தலையாட்டுகிறோம்? ஆலாபனைக்கும் கல்பனாஸ்வரத்துக்கும்தானே. இரண்டுமே அந்த இடத்தில் அப்போது உருவாவது. இவ்வளவு உயரத்தில் வைத்திருப்பதைச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாடப் படிகளிலேயே பல வருடம் சொன்னதையே வாசித்த பிள்ளையிடம் திடீரென்று "இனி உன் கற்பனை" என்றால் அது எங்கே போகும்? சரளியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே இதுவும் ஓடட்டும் என்கிறேன்.

அதோடு, வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்த கதையையும் குருவுக்கு நினைவூட்டலாம் (பணிவாக!). முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார். அண்ணனோ வெள்ளைக்காரர்களின் கோட்டையில் வாசித்த பேண்டு மெட்டுகளை எடுத்து அவற்றுக்குச் சமஸ்கிருதச் சொற்களைப் பொருத்தினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. காதில் விழுந்ததை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது அந்த வீட்டிலேயே நடந்திருக்கிறது. அவர்களுக்குக் கோட்டை பேண்டு கிடைத்தது, உங்கள் பையனுக்கு மாங்காய் மண்டி.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்ற வயலின் ஆசிரியர் இருந்தார் (1898–1998). ஜப்பானியக் குழந்தைகள் எல்லாரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்களே என்று கவனித்ததிலிருந்துதான் அவருடைய முறை தொடங்குகிறது. தாய்மொழி போலவே கேட்டுக் கேட்டு வாசிக்க வேண்டும், ஏடு பிறகு. ஆனால் தாய்மொழி கற்கும் குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நிற்பதில்லையே. யாரும் சொல்லாத வாக்கியத்தை மூன்று வயதில் தானாகச் சொல்கிறது, தப்பும் தவறுமாக. உங்கள் சனிக்கிழமை அரைமணி நேரம் அதற்கானது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானைப் பார்த்து ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், பிள்ளைகளின் மழலை யாழோடும் சேராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தகப்பனுக்கு இனிக்கும் என்று வருகிறது. இதை அந்த அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னும் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள்.

செய்முறையில் ஒரு யோசனை. மெட்டுப் போடுவதற்கு ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையைக் கொடுக்காதீர்கள். ரிஷபமும் (ரி) தைவதமும் (த) மயிரிழை தப்பினாலும் காது கூசும், பிள்ளை பயந்துவிடும். ச ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம் உள்ள மோகன ராகம் கொடுங்கள். ச ப ச ப என்று சுருதி சேர்த்த வயலினில் சட்ஜமும் பஞ்சமமும் திறந்த தந்தியிலேயே கிடைத்துவிடும். ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் முதல் விரல், காந்தாரத்துக்கு இரண்டாம் விரல். இரண்டு விரலில் ஐந்து ஸ்வரமும் வந்துவிடும், எந்த வரிசையில் போட்டாலும் கேட்க நன்றாக இருக்கும். வீணையில் ஸ்வர இடத்தைக் காட்டும் கட்டைக்கும் மெட்டு என்றுதான் பெயர்; அதில் இருபத்துநான்கு மெட்டு உண்டு, வயலினில் மெட்டே இல்லை, பிள்ளைதான் மெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்வார். சிலேடைக்காகச் சொன்னாலும் உண்மைதான்.

அப்புறம், போட்ட மெட்டை நோட்டில் ஸ்வரமாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதை வேறொரு பிள்ளை பார்த்து வாசிக்கட்டும். வாசிக்க முடியாமல் தடுமாறினால், போட்டவர் தாளத்தைச் சரிசெய்து திரும்ப எழுத வேண்டும். அந்த அப்பாவுக்கு வேண்டிய ஒழுங்கு இந்த வழியில் வரும். அவருடைய புகாரில் நியாயம் இருக்கிறது என்று சொன்னது இதனால்தான். வீட்டில் அவர் காதில் விழுவது கதவு கிறீச்சிடும் சத்தம், மாதாமாதம் கட்டுவது பீஸ். நடுவில் என்ன நடக்கிறது என்று யாராவது காட்டினால்தானே தெரியும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரை அதே மாடிக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளை ஆளுக்கு ஒரு நிமிடம் வாசிக்க வையுங்கள். மேடை, பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம்.

ஓசூர் விஷயத்தில் என்னிடம் தியாக உபதேசம் எதிர்பார்க்காதீர்கள். வாரம் இரண்டு நாள் போய்வர முடியுமானால் போங்கள். கிரேடு தேர்வும் கெட்டதல்ல, வைத்த தேதிக்குள் ஒன்றை முடிக்கும் பழக்கம் வரும். காவேரிப்பட்டினத்தில் பீஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். எட்டு வருடமாக அதே பீஸ்தான் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. தினமும் ஒரு மணி நேரம், யாருக்கும் சொல்லித்தராமல், நீங்கள் உங்களுக்காக வாசிக்கிறீர்களா? அதைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை.

நானும் சிறுவயதில் தர்மபுரியில் ஒன்றரை வருடம் வயலின் கற்றேன். ஒருநாள் வாத்தியார் வர நேரமானது. சேலம் பஸ்ஸின் ஹாரனை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்டவர் வில்லை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "கீதம் வந்ததும் எடுத்துக்க" என்றார். கீதம் வரவில்லை. வயலின் இன்னும் பீரோ மேல்தான் கிடக்கிறது. இரண்டு தந்தி இல்லை, வெயில் காலத்தில் பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) நிற்காமல் வழுக்குகிறது.

பெற்றோர் கூட்டம் வைத்தால் தேதி எழுதுங்கள். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன். மண்டிப் பையன் வீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய் அவனையும் கூப்பிடுங்கள். தந்தி எங்கே வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.