காரில் காஷ்மீர் வரை போவதில் அப்படி என்ன சுகம்?

"விமானம் ஏறினால் ஒரே நாளில் ஸ்ரீநகர் போய்விடலாமே, எட்டு நாள் காரில் இடுப்பொடிய உட்கார்ந்து போவதில் என்ன இருக்கிறது?" என்பது கேள்வி. இடுப்பு ஒடிந்தது உண்மைதான். அப்பாவுக்கு 68 வயது, எனக்கு 39. ஒடிந்தது என் இடுப்பு.

அப்பா 31 வருடம் நாமக்கல் லாரிகளில் டிரைவராக நெடுந்தூர லைனுக்குப் போனவர். அவர் காலத்தில் எங்கள் ஊர் வழியாகப் போன ரோட்டுக்கு 7-ம் நம்பர். 2010-ல் எண்களை மாற்றியபோது பல ரோடுகளை ஒன்றாகக் கோத்து 44 ஆக்கினார்கள். நாட்டிலேயே மிக நீளமான நெடுஞ்சாலை அதுதான். அப்பா இன்னும் 'ஏழு' என்றுதான் சொல்கிறார்.

போன அக்டோபரில் பரமத்தி வேலூரிலிருந்து கிளம்பினோம். 44-ல் போகிறவர்கள் கன்னியாகுமரியில் தொடங்கினால்தான் கணக்கு என்பார்கள். அதெல்லாம் வீம்பு. எங்களுக்குக் காவிரிப் பாலமே போதும். நான் ஓட்டினேன், அப்பா இடது பக்கம். சின்ன வயதில் லாரி ஸ்டியரிங்கைத் தொடக்கூட விடாதவர், இப்போது கிளீனர் மாதிரி தலையை வெளியே நீட்டி "வா வா, ரைட்டு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். தொப்பூர் கணவாயில் மட்டும் பேச்சில்லை. மேலே ஏறி முடித்த பிறகு சொன்னார்: "ஏறும்போது ஒண்ணுமில்ல கண்ணு. திரும்பி வரையில இறக்கம். அங்கதான் நியூட்ரல்ல விட்டுப் போய்ச் சேந்தவனுக நெறயப் பேரு."

அப்பாவுக்கு மாநில எல்லை எல்லாம் கணக்கில்லை. ஆறுதான் கணக்கு. ஒரு ஆற்றைத் தாண்டினால் டீ மாறும், மண் மாறும், சோறு மாறும் என்பார். சரி, பார்த்துவிடலாம் என்று நானும் எண்ணத் தொடங்கினேன். பாமிடியில் பெண்ணாறு வெறும் மணல். கர்னூலில் துங்கபத்திரை. பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா, அங்கே பாலத்தைக் கடந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. இதற்குள் செம்மண் போய்க் கரிசல் வந்துவிட்டது, இரண்டு பக்கமும் பருத்தி. எந்த இடத்தில் மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டீயும் அப்படித்தான். ஹைதராபாத் பக்கம் தம்ளர் சுருங்கியது, நாக்பூர் பக்கம் இஞ்சி ஏறியது. ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் என்பது இந்த மாற்றத்தை நாக்கு உணர்கிற வேகம். விமானத்தில் இது கிடைக்காது. ரயிலில் பாதி கிடைக்கும், ஆனால் மீதிப் பாதியை நீங்கள் தூங்கியே கழித்துவிடுவீர்கள்.

ஆதிலாபாத் தாண்டிப் பென்கங்காவைக் கடந்ததும் அப்பா எதையோ தேடினார். பழைய விற்பனை வரி செக்போஸ்ட்டை. ஒரு தடவை பேப்பர் சரியில்லை என்று அங்கே ஒன்றரை நாள் கிடந்தாராம், லாரிக்கு அடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அவற்றை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இப்போது ஃபாஸ்டேக் 'பீப்' என்கிறது, போய்க்கொண்டே இருக்கிறோம். நல்லதுதான். ஆனாலும் அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காடு. அங்கே ரோட்டைத் தூக்கிப் பாலங்களாகக் கட்டி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் புலிகள் நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. "அந்தக் காலத்துல ராத்திரி இங்க ஒண்ணுக்குக்கூட எறங்க மாட்டோம்" என்றார் அப்பா. அடுத்த நாள், நர்மதைக்குப் பக்கத்தில் எங்கள் டயர் போனது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை (கிளம்பும் முன் பார்க்காதது என் தவறு). வெயிலில் நின்றபோது தானாக வந்து நின்றது ஒரு போர் போடுகிற ரிக் வண்டி. நம்பர் டிஎன் 34, திருச்செங்கோடு. அதில் இருந்த கம்ப்ரசரில் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் போனார்கள்.

முரேனாவைத் தாண்டிச் சம்பல் பள்ளங்கள், பிறகு டெல்லியைத் தாண்டி முர்த்தலில் வெண்ணெய் மிதக்கும் பரோட்டா. டெல்லியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, டிராஃபிக்தான். பஞ்சாபில் சட்லெஜ், பியாஸ், ராவி என்று வரிசையாக வந்தன. ஜம்முவுக்கு அப்புறம் அப்பாவும் பார்க்காத ரோடு. செனானி - நாஷ்ரி சுரங்கம் மட்டும் 9 கிலோமீட்டர். "மலையப் பாக்க வந்துட்டுப் பொந்துக்குள்ள போறமே" என்று முனகினார். ராம்பனில் செனாப் ஆற்றைப் பார்த்ததும்தான் முனகல் நின்றது.

காசிகுண்டில் ஆப்பிள் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நாங்களும் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். ஒரு பஞ்சாபி டிரைவரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓட்டை இந்தியில் டயர் விலை பேசிக்கொண்டிருந்தார். வந்ததும் கேட்டார்: "போன வழியிலேயே எதுக்குத் திரும்பணும்? குஜராத் வழியாப் போனா நர்மதைய வேற எடத்துல தாண்டலாம்ல?"

எனக்கு லீவு இன்னும் ஏழு நாள்தான் பாக்கி இருந்தது. குஜராத் வழியாகத்தான் வந்தோம்.