பழைய இத்தாலிய இழுப்பறைப் பேழைகளில் பதித்த கற்பலகைகளில் தெரியும் இடிந்த நகரங்களை வரைந்தவர் யார்?

யாரும் வரையவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் பேழை ஒன்றின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் இதே ஐயம் வந்தது. கருங்காலிச் சட்டத்துக்குள் பழுப்புக் கோபுரங்கள், சரிந்த மதில்கள், மேலே வெளிறிய வானம். அத்தனையும் கல்லிலேயே உள்ளவை. இந்தக் கல்லை இத்தாலிய மொழியில் ‘பியேத்ரா பயேசினா’ என்பார்கள். நிலக்காட்சிக் கல் என்று சொல்லலாம். பளிங்கு என்று பலர் எழுதினாலும் இது களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்தான்.

ஃபிளாரன்ஸில் ஒரு சிறு கடையில் வாங்கிய உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், கட்டடங்களைப் பிரிக்கும் ஒவ்வொரு கோடும் மயிரிழை போன்ற ஒரு வெள்ளை நரம்பு. விடை அங்கேதான் இருக்கிறது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் என்ற புவியியல் காலத்தில் கடலடியில் படிந்த சேறு இறுகிப் பாறையானது. பிறகு நெரிந்து விரிசல் விட்டது. விரிசல்களைக் கால்சைட் என்ற வெள்ளைக் கனிமம் அடைத்தது. இரும்பும் மாங்கனீசும் கரைந்த நீர் பின்னர் ஊறி வந்தபோது, அந்தக் கால்சைட் நரம்புகள் வரப்புகளைப் போல அதை மறித்தன. நரம்புகளுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்துக்குள் சாயம் உயர ஏறியது, பக்கத்துக் கட்டத்துக்குள் பாதியிலேயே நின்றது. அந்த ஏற்ற இறக்கம்தான் நம் கண்ணுக்குக் கூரைகளாகவும் இடிந்த சுவர்களாகவும் தெரிகிறது. துண்டின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், நிறம் கல்லின் கனம் முழுவதும் ஓடுகிறது. மேலே பூசிய வண்ணத்தில் இது இருக்காது.

அப்படியானால் கைவினைஞருக்கு என்ன வேலை? எங்கே அறுப்பது என்ற தீர்மானம். ஒரு விரல் தள்ளி அறுத்தால் நகரம் கலைந்து வெறும் கறையாகிவிடும். அறுத்து மெருகேற்றிய பலகையை இழுப்பறையின் முகப்பில் பதித்துச் சுற்றிலும் கருப்புச் சட்டம் கொடுத்தார்கள். அந்தக் கருமை இல்லாவிட்டால் கல்லின் வானம் இவ்வளவு ஒளிராது.

ஃபிளாரன்ஸை ஆண்ட முதலாம் ஃபெர்டினாண்டோ மெதிச்சி 1588இல் அங்கே அரசவைப் பட்டறையை நிறுவிய பிறகு கல் வேலைப்பாடு பெருமளவில் வளர்ந்தது. அங்கு புகழ்பெற்றது பல நிறக் கற்களை வெட்டிப் பூவும் பறவையுமாகப் பொருத்தும் வேலை. 2004இல் லண்டன் ஏலத்தில் சுமார் 1.9 கோடி பவுண்டுக்கு விற்ற, ‘பேட்மின்டன் பேழை’ என்று பெயர்பெற்ற பேழை அந்த வகை. அந்த வேலையையும் நிலக்காட்சிக் கல்லையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிலக்காட்சிக் கல்லின் மீதும் சிலர் ஓவியம் தீட்டினார்கள். ஃபெர்டினாண்டோவின் மகன் இரண்டாம் கோசிமோவின் அவையில் இருந்த ஓவியர் ஃபிலிப்போ நப்போலித்தானோ அதில் தேர்ந்தவர். கல்லில் தெரியும் பாறைகளுக்கு நடுவே சிறு உருவங்களைச் சேர்ப்பார். அழகுதான், ஆனால் என் மனம் தூரிகை தொடாத பலகையிடமே போகிறது. மனித உருவம் ஒன்று வந்துவிட்டால் அந்த நகரத்துக்கு ஒரு கதை முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நான் அதில் வேறெதையும் தேட முடிவதில்லை.

இப்படி ஒரு பேழையோ சிறு துண்டோ உங்களிடம் இருந்தால், எலுமிச்சைச் சாறோ வினிகரோ கொண்டு துடைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லை அமிலம் அரிக்கும், மெருகு போய்விடும். மென்மையான உலர்ந்த துணி போதும்.