புதைபடிவ மண்டையோட்டை வைத்து ஒரு கடல் வேட்டை விலங்கைப் பற்றி என்னென்ன சொல்ல முடியும்?

புதைபடிவ மண்டையோடு என்பது, சேற்றில் புதைந்து கனிமம் ஏறிக் கல்லாகிப்போன தலையெலும்பு. வாய், கண், மூளை மூன்றும் தலையில்தான் என்பதால், எப்படி வேட்டையாடியது என்பதற்கு வேறெந்த எலும்பும் இவ்வளவு சாட்சி சொல்வதில்லை.

முதலில் பற்களைப் பாருங்கள். ஊசிபோல நீண்டிருந்தால் வழுக்கும் மீனைக் குத்திப் பிடித்தது. குளோபிடென்ஸ் என்ற மொசாசருக்கு (அழிந்துபோன கடல் ஊர்வன வகை) இருப்பதுபோல் உருண்டையாக இருந்தால் சிப்பி ஓட்டை நொறுக்கியது. அடுத்து, மண்டையின் பின்பக்கத் திறப்புகள். தாடைத் தசை அங்கேதான் பற்றியிருக்கும். திறப்பு பெரிதென்றால் கடியும் பலம். கடினமான அட்டையைக் கத்தரிக்கோலின் நுனியால் வெட்டாமல் மூட்டருகே வைத்து வெட்டுகிறோமே, அதே கணக்குதான் தாடைக்கும்: மூட்டை நெருங்க நெருங்க விசை கூடும்.

2022இல் இங்கிலாந்தின் டோர்செட் கடலோரப் பாறையில் கிடைத்த பிளியோசர் (இதுவும் அழிந்துபோன கடல் ஊர்வன வகை) மண்டையோடு சுமார் 2 மீட்டர் நீளம், 130 பற்கள், வயது 15 கோடி ஆண்டுகள். முகத்தில் சிறு குழிகள் உள்ளன. இரையின் அசைவால் நீரில் எழும் அழுத்த மாற்றத்தை உணர அவை உதவியிருக்கலாம். இக்தியோசர்கள் என்ற இன்னொரு கடல் ஊர்வன வகையில் கண்ணைச் சுற்றிய எலும்பு வளையமும் மிஞ்சுகிறது; கண் எவ்வளவு பெரிது என்பதை அது காட்டும். டெம்னோடோன்டோசாரஸ் என்ற இக்தியோசரின் கண் 20 செ.மீ.க்கும் அதிக அகலம்.

ஒரு எச்சரிக்கை: மேலிருக்கும் படிவுகளின் எடையில் மண்டையோடு பல நேரம் அப்பளமாக நசுங்கியிருக்கும். சிடி ஸ்கேன் எடுத்து, கணினியில் நிமிர்த்தாமல் கடிவிசையைக் கணக்கிட்டால் விடை தவறும்.

இவற்றைக் ‘கடல் டைனோசர்கள்’ என்பது தவறு. மொசாசர், பிளியோசர், இக்தியோசர் மூன்றுமே டைனோசர் அல்லாத ஊர்வன, மொசாசர் உடும்புக்கும் பாம்புக்கும்தான் நெருங்கிய உறவு.