வாசகர் கேள்வி – பதில்: நாயோடு அலாஸ்காவுக்கு

போன இதழில், ஆர்.வி. என்கிற மோட்டார் ஹோமில், அதாவது வீடு மாதிரி தங்கிக்கொள்ளும் வண்டியில், அலாஸ்கா போய்வந்த கதையை எழுதியிருந்தேன். பனியாறு, சால்மன், மறையவே மறுக்கும் சூரியன் என்று நான் பக்கம் பக்கமாக உருகியிருக்க, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓரத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோன எங்கள் நாய் மணியைப் பற்றித்தான். சரி, இந்த முறை பக்கத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்றுவிட்டோம். வரும் ஜூனில் டொராண்டோவிலிருந்து அலாஸ்கா போக ஆசை. வீட்டில் ஒன்பது வயது லாப்ரடார். "போர்டிங்கில் விட்டுவிட்டுப் போங்கள் அப்பா" என்கிறார்கள் பிள்ளைகள். கூட்டிப் போனால் எல்லையில் தொல்லையா?
– டொராண்டோ வாசகர்

கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பாதையில் நாய் இல்லாத ஆர்.வி.யைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஆனால் தூரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள். டொராண்டோவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் க்ரீக் வரையே சுமார் 4,000 கிலோமீட்டர். அலாஸ்கா நெடுஞ்சாலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1942இல் போர்க்கால அவசரத்தில் அமெரிக்க ராணுவம் எட்டே மாதத்தில் வெட்டிய சாலை அது, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை இன்னொரு 2,200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஒன்பது வயது நாய்க்கு இடுப்பு வலி இருந்தால், அந்தத் தூரம் அதற்குச் சுற்றுலா இல்லை, தண்டனை. முதலில் உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

காகிதம் பெரிய விஷயமே இல்லை. அமெரிக்காவுக்குள் நுழைய 2024 ஆகஸ்ட் முதல் புதிய விதி வந்திருக்கிறது: நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி அந்த ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். கனடா நாய்க்கு இது இலவசம், பத்து நிமிட வேலை. திரும்பி வரும்போது கனடா அதிகாரி வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார். இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லையோரம் இருக்கும் பீவர் க்ரீக் பக்கம் போனில் சிக்னலை நம்பி நிற்க முடியாது.

அந்தப் பக்கத்துச் சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரக்‌ஷன் பே தாண்டி எல்லை வரைக்கும் அடியில் உறைந்து கிடக்கும் நிலம் இளகி இளகி, தார்ச்சாலை கடல் அலை மாதிரி ஏறி இறங்கும். பின்கட்டிலில் சொகுசாகப் படுத்திருந்த மணி, ஒரு மேட்டில் அரையடி எழும்பி என் மனைவியின் தையல் பெட்டி மேல் வந்து விழுந்தான். அன்றிலிருந்து அவனுக்கும் சீட் பெல்ட். இன்னொன்று, ஃபோர்ட் நெல்சனுக்கும் வைட்ஹார்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 950 கிலோமீட்டர். நடுவில் கால்நடை மருத்துவர் கிடைப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள். தினசரி மாத்திரை இருந்தால் இரண்டு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை ஆர்.வி. என்றால் நாயை ஏற்றலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலர் கூடாது என்பார்கள், சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

கேள்வி: நாய் கூட இருந்தால் கரடி கிட்டே வராது என்கிறார் என் மைத்துனர். உண்மையா?
– எட்மண்டன் வாசகி

உங்கள் மைத்துனர் சொல்வது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. கயிற்றில் இருக்கும் நாய் நமக்கு முன்பே மோப்பம் பிடித்து உறுமும், அது உதவிதான். அவிழ்த்துவிட்ட நாய் என்ன செய்யும்? புதருக்குள் ஓடும், கரடியைக் குரைத்துச் சீண்டும், கரடி திரும்பிப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்ததும் "அப்பா!" என்று உங்களைத் தேடி ஓடி வரும். பின்னாலேயே கரடியும் வரும்.

இதில் எல்லோரும் கரடியையே நினைத்துக்கொண்டு மூஸை மறந்துவிடுகிறார்கள். மூஸ் என்றால் ஏதோ சாதாரண மான் என்று நினைக்காதீர்கள், பெரிய ஆண் 600 கிலோவைத் தாண்டும். அதன் கண்ணுக்கு உங்கள் வீட்டுப் பொமரேனியன்கூட ஓநாய்தான். தலைமுறை தலைமுறையாகக் குட்டியைத் தூக்கிப்போன ஜாதி என்று அதற்குத் தெரியும். மே கடைசியிலும் ஜூனிலும் கன்றோடு நிற்கும் தாய் மூஸ், நாயைப் பார்த்ததும் காதை மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு முன்காலால் மிதிக்க வரும். அப்போது ஓடலாம், ஓடத்தான் வேண்டும், ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். கரடியைக் கண்டால் மட்டும் ஓடக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றி நினைவு வைத்துக்கொள்ளாதீர்கள்!

முகாமில் கரடியை வரவழைப்பது பெரும்பாலும் நாயின் சாப்பாட்டுத் தட்டு. எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கனடாவின் யூகான் பகுதியில் ஓர் அரசு முகாம், இரவு பதினோரு மணி, வெளியே நம் ஊர் சாயங்காலம் ஐந்து மணி வெளிச்சம். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், கையில் மணியின் எவர்சில்வர் தட்டு, தட்டில் பாதி மிச்சமிருந்த தயிர்சாதம். "இது உங்களுடையதா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. இரண்டு நாள் முன்னால் எந்த மரத்தடியில் கரடி நின்றது என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு, தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மரம் எங்கள் வண்டியிலிருந்து இருபது அடிகூட இருக்காது. அதற்கப்புறம் தட்டு, உணவு மூட்டை, கடித்துத் துப்பிய எலும்பு, எல்லாம் உடனுக்குடன் வண்டிக்குள். கூடாரத்தில் தங்குகிறவர்கள் முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கரடியை விரட்டும் ஸ்ப்ரே இடுப்பில் இருக்கட்டும், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். நாய் குறுக்கே நின்றால் முதலில் அதற்குத்தான் படும்.

கேள்வி: டெனாலி தேசியப் பூங்காவில் நாயை உள்ளே விடமாட்டார்களாமே?
– கால்கரி வாசகர்

விடுவார்கள். விட்டுவிட்டு, எங்கே போகலாம் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். முகாம்கள், வண்டி நிறுத்தும் இடங்கள், பூங்காச் சாலை, நுழைவாயில் பக்கமுள்ள சைக்கிள் பாதை, ரோட்சைட் டிரெயில் என்ற ஒரு நடைபாதை. இவ்வளவுதான், அதுவும் ஆறடிக்கு மேல் போகாத கயிற்றில். மற்ற நடைபாதைகளில் கிடையாது, பூங்காப் பேருந்தில் கிடையாது. சொந்த வண்டியோ கோடையில் சேவேஜ் ஆறு வரை, பதினைந்து மைல்தான். அதற்கு மேல் பார்க்க வேண்டுமானால் பேருந்துதான். ஆகவே ஒருவர் பேருந்தில் போக, இன்னொருவர் நாயோடு இருக்க, மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மனைவி போன அன்று கிரிஸ்லி கரடியும் இரண்டு குட்டியும், நான் போன அன்று மேகம்.

வேடிக்கை என்னவென்றால், அதே பூங்காவுக்குச் சொந்தமாகவே நாய்கள் இருக்கின்றன. 1922இல் முதல் கண்காணிப்பாளர் ஹாரி கார்ஸ்டென்ஸ் ஏழு நாய்களை வாங்கி ஆரம்பித்த ஸ்லெட் நாய்க் கொட்டில் இன்றும் நடக்கிறது. குளிர்காலத்தில் வனக்காவலர்கள் அந்த நாய்கள் இழுக்கும் பனிவண்டியில்தான் ரோந்து போகிறார்கள். கோடையில் பொதுமக்களுக்கு ஓட்டிக் காட்டுவார்கள், கட்டாயம் பாருங்கள். உங்கள் நாய்க்கு மட்டும் அனுமதி இல்லை.

நாயோடு மலை நடையும் வேண்டும் என்றால், தெற்கே பார்க்ஸ் நெடுஞ்சாலையில் இருக்கும் டெனாலி மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். பெயர் ஒன்றுதான், நிர்வாகம் வேறு. கெசுகி கென் முகாமில் இடம் கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால், 6,190 மீட்டர் டெனாலி மலை எதிரே நிற்கும், பக்கத்தில் கயிற்றோடு உங்கள் நாயும் நிற்கலாம். பொதுவாகவே தேசியப் பூங்காவில் நாய்க்குக் கெடுபிடி அதிகம், மாநிலப் பூங்காவிலும் தேசியக் காட்டிலும் குறைவு. வரைபடத்தில் பச்சை நிறம் ஒன்றாகத் தெரிவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: இருட்டாத ஊரில் நாய் எப்படித் தூங்கும்? கொசு வேறு பயங்கரம் என்கிறார்களே?
– டல்லஸ் வாசகி

முதல் மூன்று நாள் தூங்காது, உங்களையும் தூங்கவிடாது. ஃபேர்பேங்க்ஸில் ஜூன் 21 வாக்கில் ஏறக்குறைய 22 மணி நேரம் சூரியன், மிச்ச நேரமும் இருட்டு இல்லை, அந்திதான். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு அணில் ஓடுவது தெரிந்தால் நாய் சும்மா இருக்குமா? ஜன்னல்களுக்கு உள்பக்கம் அலுமினிய ஃபாயிலை ஒட்டிவிடுங்கள், உள்ளூர்க்காரர்களே செய்வதுதான். சாப்பாட்டையும் கடைசி நடையையும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், வெளிச்சத்தைப் பார்த்து அல்ல.

கொசு பயங்கரம்தான். அதோடு 'வைட் சாக்ஸ்' என்று ஒரு கறுப்பு ஈ, காலில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும், காதின் உள்பக்கமும் வயிறுமாகப் பார்த்துக் கடித்துத் தடிப்பாக்கிவிடும். நீங்கள் பூசிக்கொள்ளும், டீட் என்ற ரசாயனம் கலந்த கொசுவிரட்டி மருந்தை மறந்தும் நாய்க்குப் பூசாதீர்கள், நக்கிவிட்டால் விஷம். நாய்க்கென்று மருத்துவர் தரும் மருந்து இருக்கிறது. காற்று வீசும் திறந்த இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவது அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்கிறார்களே, நாய் எட்ட நின்றால் போதுமா?
– வான்கூவர் சிறுவன், வயது 11

எய்யாது தம்பி, அது கட்டுக்கதை. உன் நாய்தான் போய் மூக்கை நீட்டும். முள் தொட்டதும் கழன்று ஒட்டிக்கொள்ளும், நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால் தானாக வெளியே வராது, உள்ளே உள்ளேதான் போகும். மணிக்கு வைட்ஹார்ஸ் பக்கத்தில் பதினொரு முள், மூக்கிலும் மேலுதட்டிலும். நடந்தது இரண்டே நொடி, கயிறு என் கையில்தான் இருந்தது, ஆனால் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை ஊர் பக்கம் என்பதால் மருத்துவர் மயக்கம் கொடுத்து ஒவ்வொன்றாக உருவினார். முள்ளை நடுவில் வெட்டிவிட்டால் எளிதாக வரும் என்பார்கள், வெட்டாதே. நாய் காலால் மூக்கைத் தேய்க்காமல் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடச் சொல் உன் அப்பாவை.

கேள்வி: அரசு முகாமா, தனியார் ஆர்.வி. பார்க்கா, நாய்க்கு எது நல்லது?
– மிசிசாகா வாசகர்

நாய்க்கு அரசு முகாம், உங்கள் துணிமணிக்கு ஆர்.வி. பார்க். யூகான் அரசு முகாம்களில் மரங்களுக்கு நடுவே இடம் தாராளம், விறகுகூட இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்கள், ஆனால் மின்சாரம் இருக்காது. தனியார் பார்க்கில் மின்சாரம், குழாய்த் தண்ணீர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு, பக்கத்து வண்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உங்கள் நாய் குரைத்தால் மூன்று குடும்பம் எழுந்துவிடும். சில பார்க்குகளில் சில ஜாதி நாய்களுக்கு அனுமதி இல்லை, கட்டிப்போட்டுவிட்டு வெளியே போகவும் விடமாட்டார்கள். எங்களுக்கு நாலு நாள் முகாம், ஒரு நாள் பார்க் என்ற கணக்கு ஒத்துவந்தது.

வடதுருவம் பக்கம்தானே என்று வண்டிக்குள் நாயைப் பூட்டிவிட்டு மதியம் ஊர் சுற்றப் போகாதீர்கள். ஃபேர்பேங்க்ஸில் ஜூலையில் 30 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, சூரியனும் சாய்வதே இல்லை.

ஆங்கரேஜ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்னகெய்ன் ஆர்ம் என்ற கடற்கழியின் கரையில் அலை வடிந்ததும் பளபளவென்று கடற்கரை மாதிரி விரிந்து கிடப்பது மணல் இல்லை, பனியாறு அரைத்துக் கொண்டுவந்த மாவு போன்ற வண்டல். கால் புதைந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், அலையோ வேகமாகத் திரும்பும். நாய் ஓடுகிறதே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஆர்க்டிக் வட்டம் தாண்டி டால்டன் நெடுஞ்சாலையில் நாயோடு போகலாமா?
– சியாட்டில் வாசகர்

போகலாம், டயரை நினைத்துத்தான் கவலை. 414 மைலில் பெரும்பகுதி சரளைக்கல், கோல்ட்ஃபுட் தாண்டினால் டெட்ஹார்ஸ் வரை 240 மைலுக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு தூவியிருப்பார்கள். அது ஈரமானதும் களிம்புபோல் பாதத்தில் ஒட்டி எரிச்சல் கொடுக்கும், நாய் நக்கினால் வயிறும் கெடும். ஏறும் படியில் ஒரு பிளாஸ்டிக் பேசின் தண்ணீர் வைத்து, நாலு காலையும் விரலிடுக்கோடு கழுவித் துடைத்த பிறகே உள்ளே விடுங்கள். மணி மூன்றாம் நாளே பேசினைப் பார்த்ததும் தானாக வலது காலைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் வலது காலை மட்டும்தான்.

கேள்வி: மகன் சியாட்டிலில் இருக்கிறான். அடுத்த வருடம் அலாஸ்கா கூட்டிப் போகிறானாம். எங்கள் சிப்பிப்பாறையையும் மதுரையிலிருந்து கொண்டுவர முடியுமா?
– மதுரை வாசகி

முடியாது என்று இல்லை அம்மா. ஆனால் வெறிநாய்க்கடி அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இந்தியாவை வைத்திருக்கிறது. இந்தியாவில் போட்ட தடுப்பூசிக்கு அரசு மருத்துவர் ஒப்புதல், ரத்தப் பரிசோதனை, அனுமதித்த சில விமான நிலையங்களில் மட்டும் இறங்குவது, அங்கே பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு, பரிசோதனை இல்லையென்றால் 28 நாள் தனிமை. ஒரு கோடைப் பயணத்துக்கு இவ்வளவும் அந்த வாயில்லாப் பிராணிக்கு எதற்கு? உடம்பில் கொழுப்பும் கிடையாது, அடர்ந்த மயிரும் கிடையாது, டெனாலியில் ஜூலையில்கூட இரவில் நடுங்கிப்போகும். உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அங்கே ஸ்லெட் நாய்களை ஆசை தீரத் தடவிக்கொடுத்துவிட்டு, அன்று உடுத்திய சேலையைத் துவைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள், மூன்று நாளைக்கு உங்களை முகர்ந்துகொண்டே சுற்றும்.