தேனீக்கும் நமக்கும் தேனைத் தாண்டி என்ன உறவு?

தேனைத் தவிர தேனீயோடு நமக்கு என்ன பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தேனையே பாருங்கள். முருகன் கிழவனாக வந்து வள்ளியிடம் கேட்டது தேனும் தினைமாவும்தான், அதனால் யாழ்ப்பாணத்தில் அது வெறும் சாப்பாட்டுச் சாமான் இல்லை, அபிஷேகத்துக்கு வேண்டும், சூரணம் குழைக்கவும் வேண்டும். (பிறந்த குழந்தையின் நாக்கில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு வயதுவரை அது ஆபத்து.)

மற்றது வளவில் நடப்பது. எங்கள் முருங்கை பூக்கிற நாட்களில் காலையில் அடியில் நின்றால் மரமே முனகுவது போலக் கேட்கும். பல தேனீக்களின் பின்னங்காலில் மகரந்தம் சின்ன உருண்டையாக ஒட்டியிருக்கும், உடம்பு மயிரில் ஒட்டிய மகரந்தம் பூவுக்குப் பூ போய்ச் சேரும்போதுதான் காய் பிடிக்கிறது. வெயில் ஏறியதும் கிணற்றடி ஈரத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சும், கூட்டைக் குளிரவைக்கத்தான் அதைக் கொண்டுபோகிறது.

பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் ஒரு தேனீ கூட்டுக்குள் ஆடிக்காட்டியே மற்றவற்றுக்குச் சொல்லிவிடும். இதைக் கண்டறிந்த ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் வொன் பிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை பாடுபட்டும் ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுளில் சேர்க்கும் தேன் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

அதனால் வீட்டில் கூடு கட்டினால் தயவுசெய்து தீப்பந்தம் கொளுத்தாதீர்கள், பெட்டியில் தேனீ வளர்க்கும் யாரையாவது கூப்பிடுங்கள், பத்திரமாக எடுத்துக்கொண்டு போவார்கள். தோட்டத்துக்கு மருந்து அடிப்பதானால் பூக்காலத்தைத் தவிருங்கள், முடியாவிட்டால் பொழுதுபட்ட பிறகு அடியுங்கள்.